அபேட்சகர் பெருக்கமும் வோட்டர் அவகாசமும்

கிளியூர் என்றால் வெளியூரார்க்கு ஏற்காட்டு அருவியே நினைவுக்கு வரும். அரசியல் ஊழியர்களுக்கோ அது ஏற்காடு சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்த மலையூர். பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட இத்தொகுதி சேர்வராயன் மலையோடு நில்லாமல் அடிவாரத்துச் சமவெளிக் கிராமங்கள் பலவற்றையும் தன்னுள் அடக்கியது. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி இங்கே ஓர் இடைத்தேர்தல் நடைபெற்றது. அபேட்சகர்கள் 11 பேர். வோட்டு யந்திரத்திலோ 12 பொத்தான்கள். "மேற்கண்டவர் எவரும் வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைச் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் வழங்கியிருந்தது. 'நோட்டா' என்று ஜனங்கள் வழங்கும் அந்தப் பன்னிரண்டாவது பொத்தான் தமிழ் நாட்டில் முதன்முதலாக அமைந்தது இந்த மலைத் தொகுதியிலேதான். அதற்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட வோட்டுக்கள் விழுந்தன. இரு பெரிய கட்சிகளுக்கு அடுத்த மூன்றாம் ஸ்தானம் அதற்கே கிடைத்தது.

இந்தப் புதிய உரிமையைப் பற்றி அப்பொழுது பலர் பலவாறு எழுதினர். எவரும் எழுதாத சிறு விஷயம் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். பதினொன்று பன்னிரண்டானால், தட்டிக்குப் பின்னே தனித்து நிற்கும் வோட்டருக்கு எவ்வளவு நேரம் கூடுதலாக வேண்டியிருக்கும்? பதினொன்று எழுபத்தேழானால்? ஆயிரமானால்? இது வேடிக்கைக் கேள்வியன்று. இவை மூன்றும் நம் நாட்டில் நடந்தவையே.

தேர்வுப் பொருள்கள் இரட்டித்தால் தேரும் காலமும் இரட்டிக்கும் என்று சாமானியமாக எண்ணுவோம். அது சரியன்று. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த ஹிக் என்பவர் 1952-இல் இதை ஒரு சோதனையால் விளக்கினார். பத்து விளக்குகள், அவற்றுக்கு நேராக விரலுக்கொன்றாகப் பத்துச் சாவிகள். எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய சாவியை அழுத்த வேண்டும். ஒரே விளக்கானால் வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் விரல் அசைந்தது. பத்து விளக்குகளானபோது காலம் பத்து மடங்காகிவிடவில்லை. அரை வினாடிக்குச் சற்று மேலாயிற்று, அவ்வளவுதான். இரண்டு நான்காகும்போது எவ்வளவு காலம் கூடுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவே நான்கு எட்டாகும்போதும் கூடுகிறது. அதாவது தொகை மடங்கு மடங்காக ஏறக் காலம் படி படியாகவே ஏறுகிறது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஹைமன் என்பவரும் இதையே உறுதி செய்தார். இருவர் பெயராலும் வழங்கும் இவ்விதி யந்திரங்களையும் கருவிகளையும் வடிவமைப்போர்க்கு இன்று பால பாடமாகும்.

ஆனால் பாடத்தை அரைகுறையாகப் படித்தவர்கள் நிரம்பவும் உண்டு. "ஹிக் சொல்லிவிட்டார், ஆகையால் எல்லாவற்றையும் குறைத்துவிடு" என்று கிளம்புகிறார்கள். அந்தச் சோதனையில் விளக்குகள் பழக்கமானவை. எந்த விளக்குக்கு எந்த விரல் என்பது மனத்தில் ஊறிப் போனது. அப்படிப் பழகிய இடத்தில்தான் காலம் மெல்ல ஏறும். முன்பின் பாராத ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, "இதில் உன்னுடையது எங்கே? தேடு" என்றால் கதையே வேறு. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்து வரவேண்டும். பட்டியல் இரட்டித்தால் தேடும் காலமும் இரட்டிக்கத்தான் செய்யும். ஆகவே எத்தனை பேர் என்பது பாதிக் கேள்வி. எப்படி அடுக்கியிருக்கிறது, யார் தேடுகிறார் என்பவையே மற்றப் பாதி.

இதற்கு மொடக்குறிச்சியைப் போன்ற சாட்சி உலகத்திலேயே வேறு கிடைப்பது அரிது. ஈரோட்டுக்கு அருகிலுள்ள அந்தச் சட்டசபைத் தொகுதியில் 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் 1,033 அபேட்சகர்கள் நின்றார்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஸ்தானத்துக்கு ஆசைப்பட்டவர் அல்லர். தங்கள் குறைகளைச் சர்க்கார் செவியில் ஏற்றுவதற்கு வேறு வழி காணாத விவசாயிகள், அபேட்சை மனுவையே விண்ணப்பமாக்கிக் கொண்டார்கள். தேர்தலை ஒரு மாதம் ஒத்திவைக்க நேர்ந்தது. வோட்டுச் சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள். முடிவில் ஸ்ரீமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். ஒரு வோட்டுக்கூடப் பெறாதவர்கள் 88 பேர். அதாவது தங்கள் வோட்டையும் தங்களுக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள்!

அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிய இரண்டு வோட்டர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் படித்தவர். தாம் வோட்டளிக்க விரும்பும் அபேட்சகரின் பெயர் அவருக்குத் தெரியும். பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன. புத்தகத்தை நடுவிலே திறக்கிறார். தமக்கு வேண்டிய எழுத்து முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு பாதியைத் தள்ளிவிடுகிறார். எஞ்சிய பாதியை மறுபடி இரண்டாக்குகிறார். 1,033 பெயர்களானாலும் இவ்வாறு பத்து அல்லது பதினொரு தடவை பாதி செய்தால் போதும், பெயர் அகப்பட்டுவிடும். மற்றவர் எழுத்தறியாத கூலியாள். அவருக்குத் தெரிந்தது சின்னம் ஒன்றே. சின்னங்களுக்கு அகர வரிசை ஏது? உதயசூரியனுக்கு முன்னே வருவது ஏணியா, பின்னே வருவது தராசா? அவர் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். சராசரியாகப் பார்த்தால் ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களைத் தாண்டிய பிறகே தம் சின்னத்தைக் காண்பார். ஒரே தொகுதியில் இருவருக்கு ஒரே சின்னம் தரலாகாது என்பது விதி. ஆதலால் ஆயிரத்துக்கு ஆயிரம் வெவ்வேறு சிறு படங்கள்!

படித்தவருக்குப் பத்துப் பார்வை; படியாதவருக்கு ஐந்நூறு. எல்லாருக்கும் ஒரு வோட்டு என்பது நமது அரசியல் சாசனம். அந்த ஒரு வோட்டைப் போடுவதற்கு ஒருவர் மற்றவரைப்போல் ஐம்பது மடங்கு உழைக்கும்படி ஒரு காகிதம் செய்துவிட முடியும் என்பதை மொடக்குறிச்சி காட்டியது. அபேட்சகர் பெருக்கத்தின் பாரம் எல்லார் தலையிலும் ஒரே அளவாக இறங்குவதில்லை. எழுத்தறியாதவர் தலையிலேதான் முழுதும் இறங்குகிறது.

இந்தத் தேசத்தின் முதல் பொதுத்தேர்தலை நடத்தியவர்கள் இவ்வுண்மையைச் சோதனைச் சாலையின் உதவியின்றியே அறிந்திருந்தார்கள். அதற்கும் முன்பே, 1937-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தேர்தலில், பெட்டிகளின் நிறமே அடையாளமாயிருந்தது. மஞ்சள் பெட்டி காங்கிரஸ் பெட்டி. காந்திக்கும் மஞ்சள் பெட்டிக்கும் வோட்டுப் போடுங்கள் என்ற குரல் தமிழ் நாட்டுப் பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தது. வோட்டர் உள்ளே போனதும் தேடவேண்டியது ஒன்றுமில்லை. மஞ்சள் தானே கண்ணை இழுத்துக்கொள்ளும். ஆனால் நிறங்களைக் கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? ஏழெட்டு நிறங்களுக்கு மேல் போனால் மங்கிய வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றாகிவிடும்.

1951-52 தேர்தலில் வோட்டர்கள் பதினேழு கோடிக்கு மேல். அவர்களில் எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவு. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி எழுத்தறிவு நூற்றுக்குப் பதினெட்டு அளவில்தான் இருந்தது. தேர்தல் கமிஷனர் ஸுகுமார் சென் கையாண்ட முறை என்ன? அபேட்சகருக்கு ஒரு பெட்டி; பெட்டியின்மேல் அவருடைய சின்னம்; வோட்டர் சீட்டில் எழுதவோ குறியிடவோ வேண்டாம், உரிய பெட்டியில் போட்டால் போதும். இதற்கென்று இருபது இலட்சம் எஃகுப் பெட்டிகள் செய்யப்பட்டன. அவற்றுக்கு 8,200 டன் எஃகு பிடித்தது. ஏழைத் தேசத்துக்கு இது என்ன ஆடம்பரம் என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். எழுத்தறியாதவரின் தேடும் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்கிச் சர்க்கார் தன் தோளில் ஏற்றிக்கொண்டதற்கு ஆன கூலி அது. பின்னர் 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரும்பாலான தொகுதிகளில் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. எஃகு மிச்சமாயிற்று. பாரம் மறுபடி வோட்டர் பக்கம் சற்றுச் சாய்ந்தது. அபேட்சகர்கள் ஐந்தாறு பேராயிருந்த காலத்தில் அது தெரியவில்லை.

மொடக்குறிச்சி ஒன்றே 1996-இன் விசித்திரம் என்று எண்ணவேண்டாம். ஆந்திரத்தில் நல்கொண்டா பார்லிமெண்டுத் தொகுதியில் 480 பேர். தேச முழுவதும் 543 ஸ்தானங்களுக்கு 13,952 பேர். அவ்வாண்டே பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. ஒரே திருத்தத்தில் பல மருந்துகள். அவற்றில் ஒன்றை எல்லாரும் அறிவர்: டிபாஸிட் தொகை. சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆயிற்று. பார்லிமெண்டுக்கு 500 ரூபாயாக இருந்தது 10,000 ஆயிற்று. பின்னர் அது முறையே 10,000 என்றும் 25,000 என்றும் ஏறியது. ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. கிளியூர் மலையாளி ஒருவர் தம் தொகுதியில் நிற்க விரும்பினால் இன்று 5,000 ரூபாய் கட்டவேண்டும். ஆறில் ஒரு பங்கு வோட்டு வாராவிட்டால் அது திரும்பி வாராது.

மருந்து வேலை செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1998-இல் பார்லிமெண்டு அபேட்சகர் தொகை 4,750-ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் யாரைக் குறைத்தது என்று பார்க்கவேண்டும். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈரோடு கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். மொடக்குறிச்சிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் அது! பத்தாயிரம் ரூபாயை எடுத்து வைக்கக் கூடியவர்களை டிபாஸிட் நிறுத்தவில்லை. எடுத்து வைக்க இயலாதவர்களையே நிறுத்தியது. வேண்டாதவரைத் தள்ளுவதற்கு வைத்த சல்லடை ஏழையைத் தள்ளிவிட்டுப் பணமுடையவரை உள்ளே விடுமானால் அதைச் சல்லடை என்பது எப்படி? நம் முன்னோர் குடவோலைக்கு வைத்த தகுதிகளைப் பற்றி உத்திரமேரூர்க் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. அங்கும் நிலம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பதையும் நாம் மறக்கவில்லை. பழமை என்பதற்காக அதைப் போற்ற வேண்டியதில்லை.

அதே 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு பிரிவு உண்டு. நமது அபிப்பிராயத்தில் உண்மையான மருந்து அதுவே. முன்பெல்லாம் அபேட்சகர் அனைவரும் ஒரே அகர வரிசையில் கலந்து நின்றார்கள். திருத்தத்துக்குப் பின் அவர்கள் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் அபேட்சகர் முதலில், பதிவு மாத்திரம் பெற்ற கட்சியினர் அடுத்தபடி, மற்றவர் கடைசியில். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் அகர வரிசை. இதன் பலனைக் கவனியுங்கள். ஈரோடு கிழக்கில் 77 பேர் நின்றாலும், ஊர் ஜனங்கள் நன்கறிந்த சின்னங்கள் முதல் யந்திரத்தின் மேற்பாதியிலேயே வந்துவிடுகின்றன. அவற்றைத் தேடி வருபவருக்குப் பட்டியலின் நீளம் எழுபத்தெட்டு அன்று, நாலைந்துதான். ஒருவரையும் வாசலிலே தடுக்காமல், எவரிடமும் காசு வாங்காமல், அடுக்கும் முறையினாலேயே காலம் குறைக்கப்பட்டது.

இதில் குறை இல்லாமலில்லை. முதலில் நிற்பவருக்கு அந்த இடமே ஒரு லாபம். அமெரிக்காவில் ஓஹையோ ராஜ்யத்தில் 1992-ஆம் ஆண்டுத் தேர்தல்களை ஆராய்ந்தவர்கள் சீட்டில் முதலாவதாக வரும் பெயருக்குச் சிறிது வோட்டு அதிகம் விழுவதைக் கண்டார்கள். அங்கே பெயர்களின் வரிசையைப் பகுதிக்குப் பகுதி சுழற்றுகிறார்கள். சுழற்றினால் நியாயம் பிறக்கும். ஆனால் "இரண்டாவது பொத்தான்" என்று தொகுதி முழுவதற்கும் சொல்லிப் பிரசாரம் செய்ய முடியாது. நம் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று சின்னத்தோடு வரிசை எண்ணையும் சொல்லி வருகிறார்கள் அல்லவா? ஹிக்கின் சோதனையில் விரல் பழகியதுபோல் வோட்டரின் விரலை வீட்டிலேயே பழக்கிவிடும் வேலை அது. எழுத்தறியாதவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆகவே நம் நாட்டுக்குச் சுழற்சியைவிட நிலையான இடமே ஏற்றது என்பது எமது கருத்து. நோட்டாவையே பாருங்கள். அது எப்பொழுதும் கடைசி. அபேட்சகர் ஐவராயினும் எழுபதின்மராயினும் அதைத் தேடவேண்டியதில்லை. 2013-க்கு முன்பும் 49-ஓ விதியின்படி வோட்டளிக்க மறுக்கும் உரிமை இருந்தது. ஆனால் அதை அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒளித்து வைத்த உரிமையைப் பொத்தானாக்கி ஓரிடத்தில் பொருத்தியதும் மலைத் தொகுதி ஒன்றிலேயே நாலாயிரம் விரல்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன.

அடுக்கத் தெரியாமல் அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். 2000-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் புளோரிடா ராஜ்யத்தில் பத்துக் கட்சி அபேட்சகர்கள் இருந்தார்கள். பாம் பீச் ஜில்லாவின் அதிகாரிகள் முதியோர் எளிதிற் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினர். பத்துப் பெயரும் ஒரு பக்கத்தில் அடங்காமையால் இரு பக்கமாகப் பிரித்து நடுவிலே துளைகளை வைத்தனர். இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த கோர் என்பவருக்கு மூன்றாவது துளை. வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த புக்கானன் என்பவருக்கு இரண்டாவது துளை. அந்த ஜில்லாவில் புக்கானனுக்கு 3,407 வோட்டு விழுந்தது. புளோரிடாவில் புஷ் வென்றதோ 537 வோட்டு வித்தியாசத்தில். நல்லெண்ணத்தோடு செய்த அச்சு வேலை ஒரு வல்லரசின் தலைவிதியைத் திருப்பிற்று என்று சொல்பவர்களை மறுப்பது கஷ்டம்.

ஆஸ்திரேலியர் மற்றொரு வழி கண்டார்கள். 1999-இல் நியூ சவுத் வேல்ஸ் மேல் சபைக்கு 264 அபேட்சகர்கள் நிற்க, வோட்டுச் சீட்டு மேஜை விரிப்பளவு ஆயிற்று. ஜனங்களும் அதை "மேஜை விரிப்பு" என்றே அழைத்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக வரிசைப்படுத்தும் தொல்லை வேண்டாதார்க்கு ஒரு கோட்டுக்கு மேலே கட்சிக் கட்டம் ஒன்றில் குறியிட்டால் போதும் என்று முன்பே சௌகரியம் செய்திருந்தார்கள். வேகம் கிடைத்தது. ஆனால் மற்றைய விருப்பங்களெல்லாம் கட்சித் தலைவர்கள் தங்களுக்குள் பேசி முடித்த பேரத்தின்படி போயின. வோட்டரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லி அவருடைய தீர்ப்பையே எடுத்துக்கொள்ளும் தந்திரம் அது. பின்னர் அதையும் அங்கே மாற்ற வேண்டியதாயிற்று. தேசிய செனட்டில் 2016-இல் ஒழித்தார்கள். வேகம் ஒன்றையே குறியாகக் கொண்டால் இந்தக் குழியில்தான் விழவேண்டும்.

நிற்க. நேரக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை 11 மணி நேரம். அதாவது 39,600 வினாடிகள். தட்டிக்குப் பின்னே ஒரு சமயத்தில் ஒருவரே நிற்கலாம். ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர் வருவதாக வைத்துக்கொண்டால் தலைக்கு நாற்பது வினாடிகூட இல்லை. அதிலும் தாள் ரசீது கண்ணாடிக்குள் தெரிந்து மறைய 7 வினாடி போய்விடுகிறது. ஐந்து யந்திரங்களின்முன் தடுமாறி ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டால் ஆறு மணிக்குள் 660 பேரே வோட்டளித்திருப்பார்கள். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து வோட்டளிக்க விடவேண்டும் என்பது விதிதான். ஆனால் எஞ்சிய 340 பேருக்கும் வோட்டு முடியும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். மலைமேல் டிசம்பர் மாதக் குளிரில் கைக்குழந்தையோடு அதுவரை நிற்பவர் எத்தனை பேர்? திரும்பிப் போனவர்களின் கணக்கை எந்தப் பதிவேட்டிலும் காணமுடியாது; வோட்டளிக்க வாராதவர்கள் என்றே அவர்கள் எழுதப்படுவார்கள்.

யந்திரம் ஒன்றுக்குப் பதினாறு பெயர். முன்பு நாலு யந்திரங்களையே சேர்க்க முடிந்தது. 64-க்கு மேற்பட்டால் காகிதச் சீட்டுத்தான். இப்பொழுது 24 யந்திரங்கள் வரை சேர்த்து 384 வரிகளுக்கு இடம் செய்திருக்கிறார்கள். 2019-இல் தெலங்காணாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் மொடக்குறிச்சி வழியைப் பின்பற்றியபோது 185 அபேட்சகர்களுக்குப் பன்னிரண்டு யந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். யந்திரம் நீளுகிறதே என்று மகிழ்ந்தால் போதாது. அபேட்சகர் வரம்பு மீறிப் பெருகாமலிருக்கப் பணத்தை உயர்த்துவதைவிட ஆதரவை உயர்த்துவதே முறை. சுயேச்சை அபேட்சகரைப் பத்து வோட்டர்கள் முன்மொழிய வேண்டும் என்பதும் 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்ததே. அந்தப் பத்தை நூறாக்கலாம். டிபாஸிட்டைப் பழையபடி குறைக்கலாம். கிளியூரில் பணமில்லாதவருக்கும் நூறு அயலார் இருப்பார்கள். நூறு பேரைக்கூடத் தேடிக்கொள்ள முடியாதவர் ஆயிரக்கணக்கானவரின் நேரத்தைக் கேட்பதற்கு உரிமையுடையவர் அல்லர்.

இரண்டாவதாக, ஒரு யந்திரத்துக்கு மேற்படும் தொகுதிகளில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் வெவ்வேறு நிறம் அளித்து, சாவடி வாசலிலேயே எந்த நிறத்தில் எந்தச் சின்னங்கள் என்று பெரிய படமாக மாட்டி வைக்கலாம். வரிசையில் நிற்கும் நேரம் வீண் நேரம்; தேடும் வேலையை அங்கேயே முடித்துவிட்டால் உள்ளே விரலுக்கு மட்டுமே வேலை இருக்கும். மஞ்சள் பெட்டியைக் கண்ட நாட்டுக்கு இது புதிய பாடமன்று.

கண்பார்வை இல்லாதவர்களின் சங்கதி ஒன்று பாக்கி. பொத்தான்களின் ஓரத்தில் தடவிப் பார்த்து அறியத்தக்க பிரெயில் எண்கள் இருக்கின்றன. அபேட்சகர் பெயர்களைப் பிரெயிலில் பதித்த தாளும் சாவடியிலே கொடுக்கிறார்கள். ஆனால் விரலால் தடவிப் படிப்பவர் புத்தகத்தை நடுவிலே திறந்து கண்ணோட்டத்தில் பாதியைத் தள்ள முடியாது. வரிக்கு வரி போகவேண்டும். எழுபத்தெட்டு வரிகளைத் தடவி முடித்த பின்பு ஐந்து யந்திரங்களில் எது தம்முடையது என்று மறுபடி தேடவேண்டும். யந்திரத்துக்கு யந்திரம் பிரெயில் எண் ஒன்றிலிருந்து பதினாறு வரையிலேதான். எத்தனையாவது யந்திரம் என்பதையும் அந்தத் தாளின் ஒவ்வொரு வரியிலும் முதலிலேயே பதித்துவிட்டால் ஆகும் செலவு மிகச் சொற்பம். தேர்தல் கமிஷன் அடுத்த தேர்தலுக்குள் இதையாவது செய்யலாம்.